பூட்டைத் தொங்கவிட்டுப் படித்த இயற்பியல்

உங்கள் வீட்டுக் கதவில் அந்தப் பித்தளைப் பூட்டு இன்னும் தொங்குகிறது. லீவில் செஞ்சிக்கு வந்தவன், நேற்று அதைப் பார்த்ததும் உள்ளே போக மனம் வராமல் வாசலிலேயே நின்றுவிட்டேன். பூட்டைப் பார்த்து ஒருத்தன் கண் கலங்குவானா? நீ இருந்திருந்தால் கிண்டல் செய்தே என்னைக் கொன்றிருப்பாய்.

நாம் இரண்டு பேரும் காமர்ஸ். பிளஸ் டூவில் இயற்பியலும் கணக்கும் படிக்காதவன் விமானி ஆக முடியாது என்று உனக்குத் தெரியவந்தபோது பள்ளிக்கூடமே முடிந்துபோயிருந்தது. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு தலைமுழுகியிருப்பான். நீயோ, திறந்தநிலைப் பள்ளியில் அந்த இரண்டு பாடங்களை மட்டும் எழுதலாம் என்று விசாரித்துக்கொண்டு வந்து, "தனியா போவ ஒருமாதிரி இருக்குதுடா, துணைக்கு வா" என்றாய். நம் ஊரில் பல் பிடுங்கப் போனாலும் துணைக்கு ஒருத்தன் வேண்டும். வந்ததுதான் வந்தோம் என்று நானும் பெயரைக் கொடுத்துவைத்தேன். எனக்கு அப்போது விமானமும் ஒன்றுதான், அவலூர்பேட்டை பஸ்ஸும் ஒன்றுதான்.

செய்முறைத் தேர்வுக்கு ஊசல் ஆட்டிப் பழக நம்மிடம் குண்டு ஏது? உங்கள் வீட்டுப் பூட்டைக் கழற்றிக்கொண்டு கோட்டைப் பக்கம் போய், புளியமரக் கிளையில் நூல் கட்டித் தொங்கவிட்டோம். நான் செல்போனில் நேரம் பார்க்க, நீ ஆட்டத்தை எண்ணினாய். வேலை முடிந்து வந்த உன் அம்மா, திறந்து கிடந்த வீட்டைப் பார்த்துவிட்டுத் தெருவே திரும்பும்படி கத்தினார்.

"ஊட்ட தொறந்து போட்டுட்டு பூட்ட எங்கடா எத்துகினு போனீங்க?"

"ஏரோப்ளேன் ஓட்டத்தாம்மா!"

இரண்டு பேரும் பாஸ். உனக்கு என்னைவிட மார்க் அதிகம்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் என்னால் ஒரு இடத்தில் உட்கார முடிவதில்லை. அதற்குள் உன் கிறுக்கு எனக்கும் பிடித்திருந்தது. என் நைனா நிலத்தை விற்றார், நான் பறக்கக் கற்றுக்கொண்டேன். உங்களுக்கு விற்க ஒரு செண்டு இல்லை. கடன் கேட்டுப் போன இடத்தில் ஈடு கேட்டார்கள். "ஒரு வருஷம் வேலைக்குப் போறேன்டா, அப்புறம் பாரு" என்று திண்டிவனத்தில் வேலைக்குச் சேர்ந்தாய். ஒரு மழை நாளில் பைக்கில் கிளம்பிப் போனவன் திரும்பி வரவில்லை. ஏன்டா அவ்வளவு அவசரம் உனக்கு?

நேற்று அந்த வாசலிலேயே உன் தங்கை என்னைப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டாள். பத்தாவது முடித்துவிட்டாள், இன்றைக்கு பிளஸ் ஒன் சேர வேண்டும். உன் ஆசை அப்படியே அவளைத் தொற்றியிருக்கிறது.

"அண்ணா, பைலட் ஆவறதுக்கு ஃபிசிக்ஸ் வேணாம்னு ரூல மாத்தப் போறாங்களாமே. நான் காமர்ஸே எடுத்துக்கட்டா?"

"மாத்தறப்ப மாத்தட்டும். நீ ஃபிசிக்ஸும் கணக்கும் எடு. பின்னாடி பைலட் லைசென்சுக்கு எழுதற காத்து, திசைன்னு எல்லாப் பரீட்சையிலும் அதுதான் வரும்" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "எங்கண்ணன் ரெண்டும் பாஸ் பண்ணுச்சே. இன்னா ஆச்சு?"

என்ன படித்தாய் என்று என்னைக் கேட்காத ஆள் இல்லை. விற்க வீட்டில் என்ன இருந்தது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அவள் கேள்விதான் முதன்முதலாக நேரே அங்கே போய் நின்றது. கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. எழுந்து போய் அந்தப் பூட்டைச் சும்மா ஆட்டிவிட்டுக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே வந்தாள். "சரி, ஃபிசிக்ஸே எடுக்கறேன். நாளைக்கு ஸ்கூலுக்குத் துணைக்கு வரீங்களா? தனியா போவ ஒருமாதிரி இருக்குது."

உன் குரல்தான்டா அது.

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூட வாசலோடு திரும்பிவிட மாட்டேன். அவள் பறக்கப் படிக்கும் கடனுக்கு ஈடு கேட்டால் வைக்க இன்று என் பெயரில் ஒரு வீடு இருக்கிறது. உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த முறையும் துணைக்குப் போனவன் மட்டுமே பறந்தான் என்று ஆகிவிடக் கூடாது.