அளக்காமல் எழுதிய நாலு நாள்

ஆகஸ்ட் 12, செவ்வாய் இரவு

போர்வைக்குள் எழுதுகிறேன்.

நைனாவின் பெட்ரோல் பங்கில் தரைக்கடியில் இருக்கும் டீசல் டாங்க் ஒழுகியதைப் பார்க்க விழுப்புரத்திலிருந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். தினமும் காலையில் டாங்கில் கம்பி விட்டு அளந்து நோட்டில் எழுதுவது என் வேலை. போன வாரம் நாலு நாள் பள்ளிக்கு நேரமாகிவிட்டதென்று கம்பியே விடவில்லை. முந்தின நாள் அளவில் விற்றதைக் கழித்து எழுதிவிட்டேன். அஞ்சாம் நாள்தான் மறுபடி கம்பி விட்டேன்.

சர்வேயர் நோட்டைத் தட்டினார். "நாலு நாள் ஒரு லிட்டர் கூட ஒழுகலை. அஞ்சாம் நாள் இவ்ளோ காணோம். வெளியே வித்துட்டீங்களா?"

நைனா நோட்டை வாங்கிப் புரட்டினார்.

"நான்தான் சார் அளக்காம எழுதினேன்" என்றேன்.

அவர் பக்கத்து வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை முகர்ந்து பார்த்தார். "போன வாரத்துலேருந்தே டீசல் நாறுது சார்" என்றார் அந்த வீட்டு அக்கா. "அப்போ பாப்பா சொல்றது சரிதான்" என்று சர்வேயர் எழுதிக்கொண்டார்.

அவர் போனதும் அடி விழுமென்று நின்றேன். "இன்னாடி, கழித்தல் மட்டும் தப்பே இல்லாம போட்டிருக்கே" என்றார் நைனா.

இப்போது அதை அம்மாவிடம் சொல்லிச் சிரிக்கிறார். க்ளெய்ம் கிடைக்குமா, தெரியவில்லை. அம்மாவும் சிரிக்கிறாள்.