கொதிக்க வைத்த சீவாளி

அன்புள்ள அக்கா,

உன் முழங்கால் வலி தணிந்ததா? அத்தான் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறாரா? நான் நலம். விடுதிப் பெண்கள் இன்னும் இந்த வார்டன் சொல்லுக்கு அடங்குகிறார்கள்.

மாலையில் இங்குள்ள வாத்தியக் குழுவில் பஸூன் பழகுவதாக எழுதியிருந்தேன் அல்லவா? என் தோள் உயர மரக்குழல். நாகசுரம் போலச் சீவாளி வைத்து ஊத வேண்டும். பேண்டு மாஸ்டர் தம்முடைய சீவாளி ஒன்றைக் கொடுத்தார். பிறர் எச்சிலை நான் எப்படி வாயில் வைப்பேன்? தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தேன். அது வாயைப் பிளந்துவிட்டது.

"என்னம்மா, பால் புட்டின்னு நெனச்சீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன்.

புதியது வெள்ளிக்கிழமைதான் வருமாம். சனிக்கிழமை எல்லோர் முன்னும் நான் தனியாக வாசித்துக் காட்ட வேண்டும். தேறாவிட்டால் குழுவில் இடமில்லை. அப்புறம் மாலை நேரத்தில் இந்த அறையில் என்ன செய்வேனோ, தெரியவில்லை. நீ கவலைப்படாதே.

ஒரு சிறு உதவி. பஸூனின் வார் கழுத்தை அறுக்கிறது. என் வீட்டுக்காரர் கடைசி நாளில் போட்டிருந்த சாம்பல் நிற மப்ளர் அங்கே உன் வீட்டில் என் அலமாரியில் இருக்கும், அனுப்பி வை. துவைக்காதே. அப்படியே அனுப்பு.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, போகிறேன்.

உன் தங்கை