சைகோன் சேதி

வில்லியனூர், 1945, தை மாதம், வெள்ளி இரவு.

எங்கள் மகன் சைகோனில் வேலை பார்க்கிறான். யுத்தம் வந்ததிலிருந்து, படிக்கத் தெரியாத என் மனைவி மங்கைக்கு நான்தான் பத்திரிகை படித்துக் காட்டுகிறேன். சைகோன் என்று வந்தால் மட்டும் அந்தச் சேதியை விட்டுவிடுவேன். பாவம், தாங்கமாட்டாள்.

இன்று காசிம் பாய் கடைக்குப் புது ரேடியோ வந்தது. கூட்டத்தோடு நின்று கேட்டேன். சைகோனில் குண்டு போட்டார்களாம். பெண்கள் பக்கம் பார்த்தால், மங்கை நிற்கிறாள்! என்னை அவள் பார்க்கவில்லை.

அவளை எப்படித் தேற்றுவது என்று தெரியாமல் ஊரைச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். சோறு போட்டாள்.

"இன்னாங்க, மூஞ்சி வாடிக் கெடக்குது? நானே ரேடியோல கேட்டேன். சைகோன்ல ஒண்ணும் இல்லியாம். நிம்மதியா சாப்டுங்க."

"அப்படியா, நல்லது" என்றேன்.

குழம்பில் உப்பே இல்லை. அதையும் நான் சொல்லவில்லை.