மணி இல்லாத சுவிட்ச்

இன்று காலை பத்தே முக்கால் மணிக்கு, பெருங்களத்தூரில் நம் கம்பெனியின் புது அலுவலகத்தில், ஒன்பது பேர் கூடி ஒரு முடிவுக்கு வந்தோம்: வாசல் மணிக்கு உன் சுவிட்சைக் கொடுப்பதில்லை. மாற்றுக் கருத்து எதுவும் பதிவாகவில்லை. மணி, வயர், ஏணி எல்லாம் கொண்டுவந்த எலக்ட்ரீஷியன் சுவிட்சை மட்டும் மறந்துவிட்டிருந்தார். சோதனை மேசையில் ஒன்று இருப்பதைப் பார்த்து, "இத்தையே போட்டுக்கலாமே சார்" என்று அதன் திருகாணியில் கைவைத்தார். ஒன்பது நாற்காலிகள் ஒரே சமயத்தில் பின்னுக்கு நகர்ந்தன.

"ஒரு பெல் சுவிட்சுக்கு இம்மாம் பேஜாரா?" என்று ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

சுவிட்ச் மஞ்சளேறிவிட்டது மச்சான். மேலே இருந்த மணிப் படத்தில் பாதிதான் மிச்சம். தாம்பரம் மார்க்கெட்டில் உங்கள் அத்தாவின் எலக்ட்ரிகல் கடையிலிருந்து எடுத்துவந்து, ஒரு பலகையில் முடுக்கி, இரண்டு வயரை சிப்பின் ரீசெட் காலில் பற்றவைத்தாய். "பெல் அடிச்சா உள்ள இருக்கறவன் எழுந்து வரணும். அவ்ளோதான் மச்சான் நம்ம வேலை" என்றாய்.

அப்போது ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு வீட்டு மாடியில் ஏழு பேராக இருந்தோம். ஐஸ்கிரீம் லாரிகளில் குளிர் எவ்வளவு என்று நிமிடத்துக்கு ஒருமுறை பதிந்துவைக்கும் பெட்டி நம்முடையது. பதிவெல்லாம் ஒரு ஃப்ளாஷ் சிப்பில் போய் உட்காரும். அந்தச் சிப்பை மேய்க்கும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். ஐஸ்கிரீம் கம்பெனி மேலாளர் முதல் நாளே, "உங்க டிரைவருக்கு லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டார். "இருக்கு சார்" என்றாய். மென்பொருளுக்கும் லைசென்ஸ் உண்டு, ஆகவே அது பொய்யும் அல்ல.

மின்சாரம் ஒரு கணம் தள்ளாடினால் சிப் ரீசெட் ஆகிவிடும். வேகம், பழக்கவழக்கம் எல்லாம் மறந்துபோகும். "மயக்கம் போட்டு எழுந்தவன்கிட்ட முதல்ல பேரைக் கேளு. அப்புறம் வேலையைக் கொடு" என்பாய். நம் டிரைவர் அப்படித்தான் செய்தது: புது வேலைகளை நிறுத்திவைத்தது, சிப்பின் பெயரைக் கேட்டது, பழைய அமைப்புகளைத் திரும்பச் சொல்லிக்கொடுத்தது, பாதியில் நின்ற பதிவை மறுபடி எழுதச் சொன்னது.

இருந்தும் பெட்டிகள் லாரியில் உறைந்துபோயின. பதிவு நின்றதால் குளிர் குறைந்தது தெரியாமல் ஐஸ்கிரீம் உருகியது. சனிக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் எல்லாப் பெட்டிகளையும் திருப்பி அனுப்புவதாகக் கடிதம் வந்தது. நமக்கு வேறு வாடிக்கையாளர் கிடையாது. முதலாளி நம் தொழிலின் புராதன மரபுப்படி, தவறு சிப் செய்தவர்களுடையது என்று பதில் எழுதி வைத்திருந்தார். அனுப்பும் பொத்தானில் அவர் விரல் இருந்தபோது நீ சொன்னாய்: "தப்பு நம்மள்து சார். சிப்பு எழுந்துடுது. நாமதான் தூங்கறோம்."

"நிரூபி" என்றார்.

மூன்று நாள் நிரூபித்துப் பார்த்தோம். சுவிட்சை ஒருமுறை அமுக்கிச் சிப்பை மயங்கவைப்போம், பச்சை விளக்கு எரியும்வரை காத்திருப்போம், நோட்டில் குறிப்போம், மறுபடி அமுக்குவோம். ஒவ்வொரு முறையும் பெட்டி சமர்த்தாக எழுந்தது. நாம் நாகரிகமானவர்கள். அடுத்தவர் வீட்டு மணியை ஒருதடவை அடித்துவிட்டுச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள்.

வியாழக்கிழமை மதியம் உனக்கு வஞ்சிரம் கொண்டுவந்தார் மீன்கார யக்கா. கோவளத்துப் பக்கத்துக் குப்பத்திலிருந்து வருகிறவர். சோதனை மேசை வாசலை ஒட்டி இருந்தது; அங்கேதான் பிளக் பாயிண்ட். மணிப் படம் போட்ட சுவிட்சைப் பார்த்தார், அமுக்கினார். சத்தம் வரவில்லை. நம் ஏழு பேர் காதிலும் ஹெட்போன்.

"இன்னாபா, எம்மா நேரமா அமுக்கிகினே கீறேன், ஒருத்தரும் திரும்பல! காதுல இன்னா கீது?"

நீ திரும்பினாய். யக்காவைப் பார்க்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு அணைந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாய்.

"யக்கா, எத்தினி வாட்டி அமுக்குன?"

"எண்ணிகினா அமுக்குவாங்க? கதவத் தொறக்கற வரைக்கும் அமுக்குறதுதான்."

பெட்டியை அணைத்துப் போட்டுவிட்டு, "இன்னொரு வாட்டி அமுக்கு" என்றாய்.

"மீனு விக்க வந்தா பரீட்சை வக்கிற?" என்று டடடடவென்று அமுக்கினார். பெட்டி உறைந்தது. நீ கைதட்டிய சத்தத்தில் கீழ்வீட்டு நாய் குரைத்தது.

லாரி ஓட்டுநரும் நம்மைப் போல அல்ல, யக்காவைப் போலத்தான். வண்டி கிளம்பும்வரை சாவியை முறுக்குகிறவர்; ஒவ்வொரு முறுக்குக்கும் மின்சாரம் தள்ளாடும். முதல் மயக்கத்துக்கு வைத்தியம் நடக்கும்போதே இரண்டாவது மயக்கம் வந்தது. நம் டிரைவர் இரண்டாவது வைத்தியத்தையும் தொடங்கியது. இரண்டு வைத்தியர்களும், மற்றவர் முடிக்கட்டும் என்று காத்து நின்றார்கள். கல்யாணப் பந்தி வாசலில் சம்பந்திகள் நிற்பதுபோல.

ஐந்தே வரி எழுதினாய். வைத்தியம் நடக்கையில் மறுபடி ரீசெட் வந்தால், இரண்டாவது வைத்தியரைக் கூப்பிடாதே. ஒரு கொடியை மட்டும் ஏற்றிவை. முடித்ததும் கொடியைப் பார். ஏறியிருந்தால் முதலிலிருந்து ஆரம்பி. கொடிக்கு நீ வைத்த பெயர் 'யக்கா'.

சனிக்கிழமை எந்தப் பெட்டியும் திரும்பி வரவில்லை. முதலாளி திருநீர்மலை ஏறி இறங்கி, எல்லாம் பெருமாள் செயல் என்றார். "ஆமா சார், யக்கா கைல வஞ்சிரம் கொடுத்து அனுப்பிட்டாரு" என்றாய். அவரே சிரித்துவிட்டார்.

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. உன்னை எடுத்த அன்று உன் வீட்டு வாசலுக்கு யக்காவும் வந்திருந்தார். மணியை அடிக்கவில்லை. கதவு திறந்துதான் இருந்தது.

உன் ஐந்து வரியை யாரும் தொடவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் 'யக்கா' என்பது ஆங்கிலச் சுருக்கம் என்று முடிவுகட்டி, விரிவாக்கமும் கண்டுபிடித்துவிட்டார்கள். நான் திருத்தவில்லை. எனக்கும் உன் வரிகளின் பழக்கம் ஒட்டிக்கொண்டது: பேச்சின் நடுவில் யாராவது குறுக்கிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். வீட்டில் இதற்கு வேறு பெயர் சொல்கிறார்கள். புதுப் பெட்டி எது வந்தாலும் முதலில் உன் பலகைக்குத்தான் போகிறது, எண்ணாமல் அமுக்குகிறோம்.

எலக்ட்ரீஷியன் திரும்பி வரவில்லை. வருகிறவர்கள் கதவைத் தட்டுகிறார்கள்.