வால்வு அவன் பக்கம்

மார்ச் 3
என் நாவலை வெளியிடப்போகிற பதிப்பக அக்கா ஃபோன் செய்தாள். "இந்த மாதிரி விண்வெளி நாவல்ல கல்யாணத்தைச் சிறையாக் காட்டுவாங்க. நீ மூச்சாவே ஆக்கிட்ட. நல்ல உருவகம்."

என் கிரகத்தில் காற்று கிடையாது. கல்யாணம் என்றால் பெண்ணின் குழாயைப் புருஷனின் காற்றுச் சிலிண்டரில் மாட்டுவது. வால்வு அவன் பக்கம்.

"ஆனா வால்வை மூடிட்டு அவனே உக்காந்து அழறான் பாரு, அது நம்பற மாதிரி இல்ல. எடுத்துடு."

போன மாதம் என் ஸ்கூட்டர் சாவியை ஒளித்து வைத்துவிட்டு இவர் அழுததை அப்படியே எழுதினேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை. ஆனாலும் சரி சரி என்று ஃபோனை வைத்தேன். எனக்கெல்லாம் வாய் எதற்கு?

மார்ச் 9
பள்ளியிலிருந்து வந்தால் சாப்பாட்டு மேசையில் நாவலின் கடைசிப் பக்கம் திறந்து கிடக்கிறது. இவர் படித்துவிட்டார். ஆனால் கோபமே இல்லை.

"நல்லா எழுதியிருக்கம்மா. அவன்தான் பாவம். ஏன் அழறேன்னு ஒருத்தராவது கேட்டாங்களா? முடிவு மட்டும் சரியில்ல. அவ எதுக்கு வெளிய போகணும்?"

தன்னை அடையாளம் தெரியவில்லையா — தெரிந்துதான் சொல்கிறாரா? எது மோசம்?

மார்ச் 10
ஏழாம் வகுப்புக்குச் சுவாச மண்டலம் நடத்தினேன். பாதியில் உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 14
பள்ளியில் இருக்கும்போது அக்காவின் ஃபோன், ஒரே சந்தோஷம். "நீ அனுப்பின புது முடிவு அருமை. அவ குழாயைத் திரும்ப மாட்டிக்கிட்டு அவன் கண்ணைத் துடைக்கறா. அச்சுக்குக் குடுத்துடறேன்."

நான் எதையும் அனுப்பவில்லை. என் மெயிலைத் திறந்து, என் பெயரில், இவர்தான் எழுதி அனுப்பியிருக்கிறார்! என் புத்தகத்தில்கூட நான் வெளியே போகக்கூடாதா?

ஆசிரியர் அறையில் எல்லோரும் இருந்தார்கள். இருக்கட்டும். "அக்கா, அது நான் எழுதல. அவர் எழுதினது. நாவல்ல வர்ற புருஷனும் அவர்தான்."

"வீட்டுக்குப் போகாத. நேரா இங்க வா" என்றாள் அக்கா.

மார்ச் 17
பதிப்பகத்தின் மாடி அறையில் நாலாவது நாள். இவர் ஓயாமல் கூப்பிடுகிறார். ஒரு தடவை எடுத்தேன். அழுதார். வைத்துவிட்டேன்.

அச்சை நிறுத்தியாகிவிட்டது. நான் எழுதிய முடிவையே போடலாம் என்கிறாள் அக்கா. எடுத்துப் படித்தேன். குழாயைக் கழற்றுகிறாள், கதவைத் திறக்கிறாள், முற்றும். வெளியே எதைச் சுவாசிப்பாள் என்று நான் யோசிக்கவே இல்லை. மத்தியானம் முழுக்க அந்த ஒரு வரிக்காக உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.