புல்கூட்டுப் பஞ்சு

1997 ஆகஸ்ட் 19
காலையிலிருந்து மழை. கபடியில் தோள் இறங்கிய இரண்டு பேருக்குக் கட்டு மாற்றினேன். மதியம் நெய்யாற்றின்கரை ஓமனா டீச்சரின் மகன் பிபின் ஒரு வெள்ளைக்காரனைத் தாங்கிக்கொண்டு வந்தான். பிபின் மின்ஸ்கில் படிக்கப் போய் அங்கேயே பெண் கட்டி, ஊருக்குத் திரும்பியவன்.

"ஆசானே, இது எனக்க அளியனாக்கும், கெட்டினவளுக்க அண்ணன். அலெஸ். பெலாரஸ்காரன். பனிமலையில சறுக்கி வந்து சாடுத ஆளு. கால்முட்டு போச்சு."

போட்டோ காட்டினான். சாடிக் குதித்த அலெஸ் வானத்தில் தொங்குகிறான், கீழே எல்லாம் வெள்ளை. பத்து வருஷமாகச் சாடியும் அவன் நாட்டிலேயே பலருக்கு அவன் பெயர் தெரியாதாம். வரும் பிப்ரவரியில் ஒலிம்பிக். அதற்கு ஆள் எடுக்கும் போட்டி டிசம்பரில். வயதாகிவிட்டது, இதை விட்டால் வேறு இல்லை.

கால்முட்டைத் தொட்டுப் பார்த்தேன். சரியாகும். ஒரு மண்டலம் இங்கேயே தங்கட்டும் என்றேன்.

ஆகஸ்ட் 31
அலெஸ் பத்தியக் கஞ்சியை முகம் சுளிக்காமல் குடிக்கிறான். "அம்மே, மதி" — போதும் — என்று என் மனைவி சரோஜத்திடம் சொல்லப் பழகிவிட்டான்.

செப்டம்பர் 28
கட்டு அவிழ்த்தேன். கால் நன்றாக மடங்குகிறது. அலெஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ கேட்டான்.

"அடுத்த மாசமே சாடலாமான்னு கேக்கான் ஆசானே. இல்லெங்கி ஒலிம்பிக் போச்சு" என்றான் பிபின்.

நம்ம ஊர் கபடிக்காரன் என்றால் மூன்று மாதம் களத்தில் இறங்காதே என்பேன். இங்கே தரை செங்கல் மாதிரி. இவன் விழுவது பனியில். பனியை நான் எங்கே கண்டேன்? கிறிஸ்துமஸுக்கு சரோஜம் புல்கூட்டுக் குடிலில் பரத்துகிற பஞ்சைத்தான் கண்டிருக்கிறேன். பஞ்சில் விழுகிறவனுக்கு என்ன பயம்?

"சாடட்டும்" என்றேன். பாறசாலை ஆசான் கட்டிய கால் ஒலிம்பிக்கில் சாடும் என்ற ஆசையும் இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய்.

அடுக்களையிலிருந்து சரோஜம், "சாயங்காலமானா முட்டு வீங்குது. நான் கண்டேன்" என்றாள்.

ஒனக்கு என்ன தெரியும் என்று வாயை அடைத்தேன்.

செப்டம்பர் 30
அலெஸ் போனான். வெற்றிலையில் வைத்துத் தட்சிணை தந்தான். பிபின் சொல்லிக் கொடுத்திருப்பான்.

நவம்பர் 2
அலெஸ் சாடத் தொடங்கிவிட்டானாம். சந்தையில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

டிசம்பர் 11
விழுந்துவிட்டான். அதே முட்டு. இனி சாடவே முடியாது என்று அங்கே டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

பிபின் அவனுடைய பழைய சாட்டம் ஒன்றை கேசட்டில் போட்டுக் காட்டினான். அந்த உயரத்தைப் பார்த்தே தலை சுற்றியது. அவன் வந்து இறங்கியபோது சத்தம் கேட்டது — பலகையில் பலகை அடித்ததுபோல.

"பஞ்சு மாதிரி இருக்காதா மக்கா?"

"பஞ்சா? மெஷின் வச்சு இடிச்சு இறுக்கினதாக்கும் ஆசானே. நம்ம ரோடு தோத்துப் போவும்."

ஏன் கேட்கவில்லை? ஒரு வார்த்தை! கபடிக்காரனிடம் என்ன தரை, எந்தப் பக்கம் விழுந்தாய் என்று துருவித் துருவிக் கேட்கிறவன் — அண்ணைக்கு எனக்கு என்ன கேடு வந்துது? சரோஜம் சொன்னாளே. அவளுக்க கண்ணு கண்டது எனக்க கைக்குத் தெரியல்லியே. பத்து வருஷம் சாடினவன். ஒரே ஒரு தடவை பாக்கி இருந்துது. அதையும் நான் கெடுத்தேன்.

டிசம்பர் 12
கட்டுக்கு வந்தவர்களிடம் எனக்குக் காய்ச்சல் என்று சரோஜம் சொல்லி அனுப்பினாள். காய்ச்சல் இல்லை.

1998 பிப்ரவரி 15
டிவியில் ஒலிம்பிக். அணைத்துவிட்டேன்.

டிசம்பர் 20
பிபின் வந்தான். அலெஸ் இப்போது மின்ஸ்கில் பஸ் ஓட்டுகிறானாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மலைக்குப் போய், சின்னப் பிள்ளைகள் எவ்வளவு தூரம் சாடினார்கள் என்று அளந்து சொல்கிறான். குளிரில் முட்டு கடுக்கிறதாம்.

"ஆசானுக்க எண்ணெய் வேணும்னு சொல்லிவிட்டான். ஆசான் கையால காய்ச்சினதே வேணுமாம்."

என்னைத் திட்டினானா என்று கேட்டேன்.

"அவனா? அம்மைக்க கஞ்சியப் பத்தி இப்பளும் பேசுவான்."

திட்டியிருக்கலாம்.

டிசம்பர் 23
எண்ணெய் காய்ச்சி இறக்கினேன். வழியில் பாட்டில் உடையக் கூடாது. புல்கூட்டுக்கு வாங்கி வைத்திருந்த பஞ்சு முழுவதையும் எடுத்துச் சுற்றினேன். சரோஜம் பார்த்துக்கொண்டு நின்றாள். முளைக்க வைத்திருந்த பச்சை நெற்பயிரை மட்டும் புல்கூட்டில் பரத்தி, அதில் உண்ணியேசு பாலனைக் கிடத்தினாள்.