கடைசியாகப் பேசுகிறவர்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தணிந்ததா? செரோவேயில் மழை உண்டா? அக்ராவில் நான் நலம்.

ஒரு சிறு செய்தி. எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆட்சியியல் துறைத் தலைவர் பதவிக்கு என்னையும் சேர்த்து மூன்று பேரை ஒன்றாக உட்காரவைத்துப் பேசச் சொன்னார்கள். மற்ற இருவரும் முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். நேரம் முடிந்துவிட்டது. பதவி வேறொருவருக்குப் போயிற்று.

வெளியே என்னோடு வேலை செய்யும் எஃபுவா பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, வாயில ஃபுஃபுக் களியா வச்சிருந்த?"

"எங்க ஊர் மன்றத்துல எங்கப்பாதான் தலைவர். எல்லாரும் பேசினப்புறம்தான் அவர் வாயத் திறப்பார்."

"அது தலைவரான பிறகுடி!"

நானும் சிரித்தேன். அந்த மன்றத்தைப் பற்றி எழுதித்தான் முனைவர் பட்டம் வாங்கினேன்.

கவலை வேண்டாம், வகுப்புகள் தொடர்கின்றன. யாராவது இந்தப் பக்கம் வந்தால் உலர்ந்த கீரை கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள். இங்குள்ள கீரையில் நம் ஊர் மணல் நறநறப்பதில்லை.

இன்னொன்று. போனிலும் நான் பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறீர்கள். அதற்குள் இணைப்பு அறுந்துவிடுகிறது. உங்கள் குரலைக் கேட்டு நாளாகிறது.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். நீங்கள் முதலில் பேசுங்கள்.

மகள்,
கெஃபில்வே